கெம்பியின் நெஞ்சில் ஒரு பெல்ட்

சரசுவுக்குக் குதிரை என்றால் பயம். பெங்களூர் ரேஸ் கோர்ஸில் க்ளென் என்ற பயிற்சியாளரின் லாயத்தில் சில வருடங்களாக வேலை பார்க்கிறார். தினமும் விடியும் நேரத்தில் குதிரைகளின் நெஞ்சில் கை வைப்பதுதான் அந்த வேலை. ஆனாலும் பயம் போகவில்லை. அதை மறைப்பதும் இல்லை. “அது என்னை மாதிரி பத்து பேர் வெயிட்டு. பயப்படாம இருந்தாத்தான் நான் லூசு” என்பார்.

ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர். அப்பா பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார், அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. பௌத்தக் குடும்பம். ஊர் சொல்கிறது என்பதற்காக ஒன்றை நம்பாதே என்று சொல்லி வளர்த்த வீடு. ‘எப்படித் தெரியும்?’ என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. பள்ளியில் அதற்காக அடி வாங்கியிருக்கிறார். திருமணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகப் பொருத்தம் பற்றிப் பேசியபோது அதே கேள்வியைக் கேட்டு, வந்தவர்களைக் காபி குடிக்காமல் எழுந்து போகவைத்திருக்கிறார். அதில் இன்று வரை வருத்தமில்லை. “காபிதான் வீணாப்போச்சு.”

படித்தது இதயத்துடிப்பைப் படமாக எடுக்கும் ஈ.சி.ஜி. டெக்னீஷியன் வேலைக்கான படிப்பு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிற்பகல் வேலை. அங்கேதான் க்ளென் வந்து படுத்தார். பழைய ஜாக்கி, ஆங்கிலோ இந்தியர். நெஞ்சு அடைக்கிறது என்று வந்தவர். சரசு அவர் மார்பில் ஜெல் தடவி ஒயர்களை ஒட்டும்போது, “குதிரைக்குச் சேணம் கட்டுற மாதிரி கட்டுறியே மா. என் குதிரைங்களுக்கும் கட்டுவியா?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் சேஷகிரி என்ற குதிரை முதலாளி, மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர், வெளிநாட்டிலிருந்து இரண்டு பெல்ட்களை வாங்கிக் கொடுத்திருந்தார். குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால், மார்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட். அது இதயத்துடிப்பைப் பிடித்து போனுக்கு அனுப்பும். லாயத்தில் யாருக்கும் அதைச் சரியாகக் கட்டத் தெரியவில்லை. மறுவாரமே சரசு லாயத்துக்குப் போனார். முடியை நன்றாக நனைக்காமல் கட்டியதால்தான் கோடு தாறுமாறாக வருகிறது என்று கண்டுபிடித்து, பஞ்சை எடுத்து நனைத்தார். வேலை கிடைத்துவிட்டது.

அந்த பெல்ட் எதை அளக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். நல்ல இதயம் கடிகாரம் போல ஒரே சீராக அடிக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. ஓய்வாக இருக்கும் உடலில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். ஒன்று சற்று நீளும், அடுத்தது சற்றுக் குறுகும். உடல் களைத்தாலோ, பயந்தாலோ, எங்காவது வலித்தாலோ இந்த நெகிழ்ச்சி குறையும். துடிப்புகள் போலீஸ் பரேடு போல ஒரே இடைவெளியில் வந்து நிற்கும். மனிதருக்கும் அப்படித்தான், குதிரைக்கும் அப்படித்தான். காலையில் இந்த மாற்றத்தை அளந்தால், நேற்றைய ஓட்டத்திலிருந்து உடல் மீண்டுவிட்டதா, இன்று ஓட விடலாமா, விடக்கூடாதா என்று ஓரளவு சொல்லலாம். சரசு இதற்கு வைத்த பெயர் ‘ஆட்டம்’. “இன்னைக்கு ஆட்டம் நல்லா இருக்கு” என்றால் குதிரை தேறிவிட்டது. “ஆட்டம் சுருங்கிடுச்சு” என்றால் ஏதோ சரியில்லை.

ஓரளவு என்ற சொல்லைச் சரசு எப்போதும் சேர்த்துச் சொல்வார். மற்றவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

முதல் வருட ஆயுத பூஜையன்று சேணங்கள், கடிவாளங்கள், லாடம் அடிக்கும் சுத்தியல் எல்லாவற்றோடும் பெல்ட்களையும் வரிசையில் வைத்துச் சந்தனம் குங்குமம் பூசியிருந்தார்கள். சரசு ஸ்பிரிட் பஞ்சோடு வந்து துடைக்க ஆரம்பித்தார்.

“ஏன் டாக்டரம்மா, குங்குமம் வச்சா கரெண்ட் ஓடாதா?” என்று கேட்டார் அசோகன். குதிரை பராமரிக்கும் ஆள். லாயத்தில் சைஸ் என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர், நீலசந்திராக்காரர். சரசு டாக்டர் இல்லை என்பது தெரிந்தேதான் அப்படிக் கூப்பிடுவார்.

“கரெண்ட் ஓடும் அசோகண்ணா. கெம்பிக்கு அரிக்கும்.”

“அரிச்சா அரிக்கட்டும், சாமி மிஷினு. நம்ம மனசுல இருக்கறது நமக்கே தெரியாது, அது சொல்லுதே.”

கெம்பி அவர் பார்த்துக்கொண்ட பெண் குதிரை. ரேஸ் புத்தகத்தில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர். செம்பழுப்பு நிறம் என்பதால் லாயத்தில் கன்னடத்தில் கெம்பி. புத்திசாலி. தாழ்ப்பாளை உதட்டாலேயே திறக்கும். யார் பையில் வெல்லம் இருக்கிறது என்று பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும். சேஷகிரியின் குதிரைகளில் மிகுந்த எதிர்பார்ப்பு அதன் மேல்தான் இருந்தது.

அந்தக் குளிர்கால சீசனில் கெம்பி ஒரு பெரிய பந்தயத்தில் ஏறக்குறைய கடைசியாக வந்தது. அடுத்ததிலும் அப்படியே. க்ளென் தன் அறையில் உட்கார்ந்து, சரசு மாதாமாதம் அனுப்பிய வரைபடங்களை எல்லாம் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சேஷகிரியும் வந்திருந்தார். கெம்பியின் ஆட்டம் எல்லாக் காலையிலும் சுருங்கியே இருந்தது. பக்கத்துக் கொட்டடிக் குதிரைகளுக்கு அவ்வளவு மோசமில்லை. அப்படியானால் கெம்பிக்கு மட்டும் என்ன? ஒவ்வொரு அளவும் எடுக்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அசோகன். “டேட்டா க்ளியரா இருக்கு” என்றார் சேஷகிரி.

அசோகனைக் கூப்பிட்டார்கள்.

“நீ குதிரையை அடிக்கிறியா மேன்?” என்று கேட்டார் க்ளென்.

அசோகன் பதில் சொல்லவில்லை. கேள்வி புரியாதவர் போல நின்றார். குற்றவாளியின் மௌனம் என்று அதை எடுத்துக்கொண்டார்கள். நல்ல சட்டை போட்டவன் பேசாமல் இருந்தால் கண்ணியம். அழுக்குச் சட்டைக்காரன் பேசாமல் இருந்தால் ஒப்புதல் வாக்குமூலம். இந்த நாட்டில் எத்தனையோ விசாரணைகள் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

மாதம் முடிந்ததும் போய்விட வேண்டும் என்று சொல்லப்பட்டது. இதன் பொருளை வெளியிலிருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். சைஸின் வீடு லாயத்துக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அறை. வேலை போனால் அறையும் போகும். அதுகூடப் பரவாயில்லை, வேறு லாயம் தேடலாம். ஆனால் குதிரையை அடித்தவன் என்ற பெயரோடு போகிறவரை மைசூரிலும் சேர்க்க மாட்டார்கள், சென்னையிலும் சேர்க்க மாட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் குதிரை தவிர வேறொன்றும் தெரியாதவர் அசோகன். குதிரை தோற்றால் ஜாக்கி, பயிற்சியாளர், முதலாளி என்று எத்தனையோ பேர் யோசிக்க வேண்டியிருக்கும்போது, பழி உருண்டு உருண்டு கடைசியில் சாணி அள்ளுகிறவர் காலடியில் வந்து நிற்கிறது. முன்பு பூசாரி குறி சொன்னார், கண்ணேறு என்றார்கள், ராசியில்லாத ஆள் என்றார்கள். இப்போது போன் சொன்னது. மனிதரை வெளியே தள்ளும் வேலையைக் குறிக்குப் பதிலாக வரைபடம் செய்தது, அவ்வளவுதான். கேள்வி கேட்காமல் நம்பினால் விஞ்ஞானக் கருவியும் உடுக்கைதான்.

அந்த வரைபடத்தை அனுப்பியவர் சரசு. அன்று அவரே அசோகனின் கைகளைப் பார்த்தாராம். “ஒரு நிமிஷம் நானும் நம்பிட்டேன். அடிச்சிருப்பாரோன்னு. என் மிஷின் மேல எனக்கு அவ்ளோ பெருமை” என்று என்னிடம் சொன்னார்.

அசோகன் கொட்டடி வாசலில் வைத்தே சரசுவைக் கேட்டுவிட்டார்.

“நான் பேசி என்ன ஆகப்போவுது? உன் பெட்டிதான் பேசுதே. அதுங்கிட்ட ஒண்ணு கேளு. எப்ப அடிச்சேன்னு கேளு.”

“அது அப்படி எல்லாம் சொல்லாது அண்ணா.”

“அடிச்சேன்னு மட்டும் சொல்லுதா? நல்லா இருக்கே. எங்க மச்சான் மாதிரியே இருக்கு.”

எப்ப அடிச்சேன்னு கேளு. சரசு வீட்டுக்குப் போய் அதையே யோசித்தார். அளவுகள் எல்லாமே கேலப் நாட்களில் எடுத்தவை. கேலப் என்பது வாரத்தில் இரண்டு காலைகளில் நடக்கும் முழுவேக ஓட்டம். மற்ற நாட்களில் மெதுவான நடையும் ஓட்டமும்தான். லாயம் முழுவதற்கும் இரண்டே பெல்ட்கள். அதனால் வேகமாக ஓடப்போகும் குதிரைகளுக்கு மட்டும், ஓடப்போகும் காலையில் மட்டும் கட்டினால் போதும் என்பது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். யாரும் உத்தரவு போட்ட வழக்கம் அல்ல; வசதிக்காக வந்து நிலைத்துவிட்டது. சும்மா நிற்கும் நாளில் கெம்பியின் ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. சரசுவுக்கும் தெரியாது.

மறுநாள் கேலப் இல்லை. சரசு கழுவிய பெல்ட்டைக் காயப்போடக் கையில் எடுத்துக்கொண்டு கெம்பியின் கொட்டடியைத் தாண்டிப் போனார். அசோகன் அங்கே இல்லை. புல் வாங்கப் போயிருந்தார். வாசலில் தலையை நீட்டிக்கொண்டிருந்த கெம்பி பெல்ட்டைப் பார்த்தது. காது இரண்டும் பின்னால் போயின. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு பின்சுவர் வரை போய், அங்கே நின்று சாணி போட்டது. சரசு பெல்ட்டைக் கீழே வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார். சற்று நேரத்தில் கெம்பி திரும்பி வந்து, அவருடைய சட்டைப் பையில் வெல்லம் இருக்கிறதா என்று பார்த்தது.

அப்போது அவருக்கு நர்சிங் ஹோமுக்கு வரும் ரத்தினம்மாள் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவுக்கு வீட்டில் பார்த்தால் ரத்தக் கொதிப்பு சரியாக இருக்கும். நர்சிங் ஹோமில் கையில் பட்டையைச் சுற்றியதுமே எகிறும். பட்டையை அவிழ்த்தால் இறங்கும். அந்த அம்மாவுக்கு இருந்தது கொதிப்பு அல்ல, பட்டை. கெம்பிக்கும் பெல்ட்டேதான். பெல்ட் வந்தால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு வெடிக்க ஓட வேண்டும் என்று, புத்திசாலியான அது மற்றக் குதிரைகளுக்கு முன்பே கற்றுக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள். மாதக்கணக்கில் அந்தக் கருவி அளந்தது கருவி மேல் இருந்த பயத்தை.

சரசு நேராக க்ளெனிடம் போனார்.

“சார், போன மாசம் செக்கப்புக்கு வந்தீங்களே. என் டேபிள்ல பல்ஸ் எவ்ளோ இருந்துச்சு?”

“நூறுக்கு மேல. ஏன்?”

“வீட்ல?”

“எழுபது, எழுபத்தஞ்சு. யூ நோ தட் மா. அந்த டேபிளைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.”

“டேபிள் பக்கத்துல நின்னது யாரு?”

“நீதான்.”

“அப்ப நான் உங்கள அடிச்சேனா சார்?”

க்ளெனுக்குச் சிரிப்பு வரவில்லை. “டோன்ட் பி ஸ்மார்ட், மா” என்றார். ஆனால் போகச் சொல்லவும் இல்லை. சரசு கெம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டதைச் சொன்னார். இது தன் ஊகம்தான், நிரூபித்துக் காட்ட அவகாசம் வேண்டும் என்றார். மாதக் கடைசி வரை அவகாசம் கிடைத்தது. அது வரை அசோகனும் இருக்கலாம்.

என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். வாதத்தில் ஜெயித்த பிறகு பெரும்பாலானவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். சரசு நிறுத்தவில்லை. வாயால் சொல்வது நிரூபணம் ஆகாது என்று அவருக்குத் தெரியும். தான் நினைப்பது தவறாகக்கூட இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டுதான் சோதனையைத் தொடங்கினார்.

முதலில், அசோகனை வெளியே நிறுத்திவிட்டு, லாயத்தின் மேஸ்திரி தியோடரைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். ஆட்டம் சுருங்கித்தான் இருந்தது. ஆள் மாறியும் மாறவில்லை. பிறகு பெல்ட்டை மாலையில், கொள்ளும் தவிடும் வைக்கும் நேரத்தில் கட்ட ஆரம்பித்தார். கட்டும்போது அசோகன் கையிலிருந்து ஒரு துண்டு வெல்லம். ஓட்டம் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து அவிழ்த்துவிடுவது.

முதல் சில மாலைகளில் கெம்பி வெல்லத்தையே தொடவில்லை. கோடு பழையபடியே இறுகிக் கிடந்தது.

“பாத்தியா? உன் பெட்டிக்கு என்னை ஆகல. மூஞ்சப் பாத்தாலே சுருங்குது” என்றார் அசோகன்.

“எனக்கே உங்க மூஞ்சப் பாத்தா சுருங்குது. கொஞ்சம் சிரிங்க.”

“இருக்கற வீடே போற நேரத்துல சிரிக்கச் சொல்ற பாரு.”

“வெல்லத்த நீட்டுங்க அண்ணா. உள்ளங்கைய விரிச்சு.”

சரசு அதை வேடிக்கையாகச் சொன்னாலும் அந்த நாட்களில் தூங்கவில்லை. ஊகம் தவறானால் அசோகன் போவார்; அவரை அனுப்பியது தன் கை என்பதும் மாறாது.

அடுத்த வாரம் கெம்பி வெல்லத்தை எடுத்தது. பிறகு பெல்ட் கட்டும்போதே அதை மென்று தின்றது. ஒரு மாலை போனில் கோடு மெதுவாகத் தளர்ந்து விரிவதை இரண்டு பேரும் பார்த்தார்கள். அசோகனுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது, சரசுவின் முகத்தைப் படித்துவிட்டு, “என்ன, விடுதலையா?” என்று கேட்டார்.

“இல்ல. கேலப் காலைல பாக்கணும்.”

அந்தக் காலையில் க்ளென் தானே வந்து நின்றார். அதே நேரம், அதே கொட்டடி, கயிற்றைப் பிடித்தவர் அதே அசோகன். இன்னும் சற்று நேரத்தில் ஓட வேண்டிய அதே ஓட்டம். மாறியது ஒன்றே ஒன்று: பெல்ட் என்றால் ஓட்டம் என்பது போய், பெல்ட் என்றால் வெல்லமும் இருக்கலாம் என்றாகியிருந்தது. ஆட்டம் விரிந்திருந்தது. மாலை அளவுக்கு இல்லை, ஆனால் அந்த சீசனின் எந்தக் காலையிலும் இல்லாத அளவுக்கு.

க்ளென் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு அசோகனைப் பார்த்து, “கேரி ஆன் மேன்” என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அடுத்த நாள் அசோகனின் அறைக்குப் புதுக் கம்பளி ஒன்று வந்தது. யார் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கம்பளி நல்லதுதான். ஆனால் எல்லார் முன்னாலும் குற்றம் சாட்டத் தெரிந்தவர்களுக்கு எல்லார் முன்னாலும் அதைத் திரும்பப் பெறவும் தெரிந்திருக்க வேண்டும்.

சரசுவின் வேலை அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேஷகிரி வந்தார். பெல்ட்டையும் வரைபடங்களையும் தன் நிறுவனத்துக் கூட்டமொன்றில் பெருமையாகக் காட்டியிருந்தவர் அவர். சரசுவை முழுநேர வேலையில் வைத்துக்கொள்வதாகவும் பேச்சு இருந்தது.

“கெம்பி விஷயம் சரி. மத்த குதிரைங்க டேட்டா ஓகேதானே?” என்றார்.

தலையாட்டியிருந்தால் போதும். யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள்.

“இல்ல சார். எல்லாமே அதே மாதிரி எடுத்தது. எது களைப்பு, எது பயம்னு எனக்குப் பிரிக்கத் தெரியாது. மொத்தத்தையும் தூக்கிப் போடணும்.”

“சீசன் பூரா எடுத்தது வேஸ்ட்டா?”

“ஆமா சார். என் தப்பு. எடுத்தது நான்.”

“கெம்பி ஏன் தோத்துச்சு அப்ப?”

“அது எனக்குத் தெரியாது.”

தெரியாது என்ற சொல்லைச் சம்பளம் கொடுப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பது சம்பளம் வாங்கியவர்களுக்குத் தெரியும். அவ்வளவு மாத உழைப்பைத் தன் கையாலேயே குப்பையில் போட்டார். முழுநேர வேலைப் பேச்சு அதன் பிறகு எழவில்லை. இன்றும் காலையில் லாயம், பிற்பகலில் நர்சிங் ஹோம். ஆனால் இப்போது அந்த லாயத்தில் எல்லாக் குதிரைகளுக்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், பெல்ட் முறைவைத்துக் கட்டப்படுகிறது. ஓய்வு நாளின் அளவு இல்லாமல் கேலப் நாளின் அளவை யாரும் படிப்பதில்லை. ஒற்றை வரைபடத்தைக் காட்டி எந்த ஆளையும் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது என்று சரசு கேட்டார், க்ளென் ஒத்துக்கொண்டார்.

அசோகன் உடனே பழையபடி ஆகிவிடவில்லை. பல வாரங்கள் ‘மேடம்’ என்றே கூப்பிட்டார். சரசுவுக்கு அது உறைத்தது. உறைக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு காலை, கெம்பி தானாகவே மார்பைக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு பெல்ட்டுக்காகக் காத்து நின்றபோது, “வா டாக்டரம்மா, உன் பேஷண்ட் ரெடி” என்றார். அன்று சரசு வீட்டுக்குப் போகும் வழியில் தானாகச் சிரித்துக்கொண்டே போனாராம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நானும் போயிருந்தேன். சேணங்கள் வரிசையாகக் குங்குமத்தோடு இருந்தன. தியோடர், தன் ஒரு கை சிலுவைக்குப் பழக்கம், மறு கை சந்தனத்துக்குப் பழக்கம் என்று சிரித்துக்கொண்டே பெல்ட்டை எடுத்துப் பொட்டு வைக்கப் போனார். சரசு ஸ்பிரிட் பஞ்சை எடுப்பதற்குள் அசோகன் எழுந்து பெல்ட்டைத் தியோடர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“இதுக்கு வேணாம் மேஸ்திரி. இது சாமி இல்ல. தப்பு பண்ணும்.”

சொல்லிவிட்டு அதை வரிசையிலிருந்து எடுத்துப் போய், தவிட்டு வாளி மாட்டும் ஆணியில் மாட்டினார். உள்ளேயிருந்து கெம்பி கழுத்தை நீட்டி அதை முகர்ந்து பார்த்தது.